கேரளத்து ஆக்ரிப் பணம் எங்கே போகிறது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். கேரளத்தில் வீடுவீடாக வந்து பிளாஸ்டிக் எடுக்கிறார்கள், அதற்கு மாதம் ஐம்பது ரூபாய் வாங்குகிறார்கள், மறுசுழற்சித் தொழில் வளர்கிறது என்றும் சொல்கிறார்கள். ஆனால் லோடு எல்லாம் எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சி, கோவைப் பக்கம்தானே போகிறது, அப்புறம் அந்த மாநிலத்துக்கு என்ன லாபம், பாலக்காட்டு எல்லைக்குள் நான் ஒரு சின்ன பிளாஸ்டிக் யூனிட் போட்டால் நிற்குமா என்பது கேள்வி.

நான் எல்லையின் இரண்டு பக்கத்திலும் பழைய இரும்பு, பேப்பர், பிளாஸ்டிக் (கேரளத்தில் இதைத்தான் ஆக்ரி என்பார்கள்) வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். அதனால் காசு எந்த இடத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் கரைகிறது என்று ஓரளவு சொல்ல முடியும். கேரளத்துக்கு லாபம் நிச்சயமாக உண்டு, ஆனால் அது பொருள் விற்ற காசாக வருவது குறைவு. கூலியாக வருகிறது, செலவு மிச்சமாக வருகிறது. பொருளின் விலையில் பெரும்பங்கு அதைக் கடைசியாகத் தரம் பிரித்து உருக்குபவன் கைக்குத்தான் போகும், அவன் பெரும்பாலும் வாளையார் எல்லைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டில் இருக்கிறான். இரும்பு மட்டும் கொஞ்சம் விலக்கு, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த ஐம்பது ரூபாய். அதை வாங்கும் ஹரித கர்ம சேனை என்பது, கேரள அரசின் மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்கள் நடத்துவது, மாநிலம் முழுக்க முப்பதாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். வார்டுக்கு இரண்டு பேர் என்பது பொதுவான ஏற்பாடு. பஞ்சாயத்துப் பகுதியில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய், கடைக்கு 100 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். ஒரு வார்டில் 500 வீடு, எல்லோரும் காசு கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் 25,000 ரூபாய், ஆளுக்குப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். நிஜத்தில் எல்லோரும் கொடுப்பதில்லை, வண்டிச் செலவும் இருக்கிறது. இப்போது அதே 500 வீட்டிலிருந்து மாதம் வீட்டுக்கு ஒரு கிலோ பிளாஸ்டிக் வருகிறது, கலந்த சரக்குக்குக் கிலோ ஆறு ரூபாய் கிடைக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துப் பாருங்கள், 3,000 ரூபாய்தான். அதாவது இந்தத் தொழிலில் அந்தப் பெண்களுக்கு வருமானம் தருவது எடுத்துக்கொண்டு போகும் சேவை, எடுத்த சரக்கு இல்லை.

சரக்கு ஏன் இவ்வளவு மட்டமாக இருக்கிறது என்றால், நல்லதை எல்லாம் முன்னாலேயே ஆக்ரிக்காரர் எடுத்துவிடுகிறார். பேப்பர், இரும்பு, பித்தளை, பழைய பேட்டரி, பீர் பாட்டில் இதையெல்லாம் எந்த வீட்டுக்காரரும் சேனைக்கு இலவசமாகக் கொடுக்கமாட்டார், வாசலில் தராசோடு வருபவருக்கு விற்றுவிடுவார். அந்தத் தொழிலில் தென் மாவட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள் தலைமுறையாக இருக்கிறார்கள், இப்போது வங்காளம், அசாம் பையன்களும் வந்துவிட்டார்கள். சேனையின் சாக்கில் விழுவது மிட்டாய் உறை, சிப்ஸ் பாக்கெட், கிழிந்த கவர், செருப்பு, பழைய பை. இதைப் பிரித்து, விற்க முடிந்ததை விற்று, முடியாததை அரசின் க்ளீன் கேரளா கம்பெனி போன்றவர்களிடம் காசு கட்டித் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. வருமானமும் செலவும் ஒரே சாக்குக்குள் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் பத்திரிகைகளில் 'குப்பையிலிருந்து கோடிகள்' என்று தலைப்புப் போடுகிறார்கள், எனக்கு அதைப் படித்தாலே எரிச்சல் வரும்.

அப்படியானால் மாநிலத்துக்கு லாபம் எது? ஒன்று, ஊரிலேயே செலவாகும் அந்தக் கூலி. இன்னொன்று பிரம்மபுரம் மாதிரிச் செலவு வராமல் இருப்பது. கொச்சிக்குப் பக்கத்தில் அந்தக் குப்பைக் கிடங்கு 2023 மார்ச் 2ஆம் தேதி தீப்பிடித்து பன்னிரண்டு நாள் வரை புகைந்தது, பள்ளிக்கூடம் மூடினார்கள், பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் விதித்தது. அதற்கப்புறம்தான் வீட்டில் பிரித்துக் கொடுப்பதையும் சேனைக்குப் பணம் கட்டுவதையும் அரசாங்கம் கறாராக்கியது. ஒரு பேரிடரின் செலவை எந்த வரவு செலவுக் கணக்கிலும் 'மறுசுழற்சி வருமானம்' என்று எழுத முடியாது. அதனால்தான் இந்தத் தொழிலின் பயன் பேப்பரில் எப்போதும் சின்னதாகத் தெரிகிறது.

சரி, மதிப்பு எங்கே ஏறுகிறது என்பதைப் பார்க்க ஒரு குடோனுக்குள் போகலாம். தண்ணீர் பாட்டில் சாக்கு வந்து விழுகிறது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மூடியைத் திருகி, கழுத்து வளையத்தைச் சின்னக் கத்தியால் அறுத்து, லேபிளைக் கிழிக்கிறார்கள். வெள்ளை ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம், எண்ணெய் பாட்டில் தனி. பச்சைக்கு விலை குறைவு, எண்ணெய் பாட்டிலுக்கு இன்னும் குறைவு. லேபிளில் பி.வி.சி. இருந்து அது உள்ளே போய்விட்டால், உருக்கும்போது கருகிக் கருப்புப் புள்ளியாகி மொத்த பேட்சையும் கெடுத்துவிடும், அதனால் வாங்கும் மில்காரன் அரைத்த பாட்டில் செதிலில் ஒரு கைப்பிடியை வெள்ளைத்தாளில் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலையே பேசுவான். அரைத்த செதிலைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் பாட்டில் துண்டு அடியில் போய்விடும், மூடித் துண்டு மேலே மிதக்கும், இரண்டும் தனித்தனி விலைக்குப் போகும். சாக்கில் இருந்தபோது என்ன விலையோ, பிரித்து, அரைத்து, கழுவி, காய வைத்த பிறகு அது மடங்காகிறது. அந்த மடங்கு எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊருக்குத்தான் பொருளாதாரப் பலன். வேலை, மின்சார பில், வரி, லாரி வாடகை எல்லாமே அங்கேதான் பதிவாகும்.

கேரளத்தில் அது ஏன் குறைவாக நடக்கிறது? கஞ்சிக்கோடு, எடையாறு, பெரும்பாவூர்ப் பக்கம் யூனிட்டுகள் இல்லாமல் இல்லை. ஆனால் நிலம் விலை அதிகம், வீடுகள் நெருக்கம், எங்கே ஷெட் போட்டாலும் பத்து அடியில் ஒரு வீடு இருக்கும், நாற்றம் என்று புகார் வரும். நாள் கூலியும் அதிகம். ஏற்றுகூலி, இறக்குகூலி தகராறு பழைய கதை, வேலையே செய்யாமல் வாங்கும் நோக்குகூலியை 2018 மே 1ஆம் தேதி முதல் அரசாங்கமே நிறுத்திவிட்டது. இருந்தாலும் கிலோவுக்கு ஒரு ரூபாய் லாபத்தில் ஓடும் சரக்கில் ஏற்று இறக்கு எத்தனை தடவை என்பது பெரிய விஷயம். அப்புறம் மழை. ஜூன், ஜூலையில் அட்டைப்பெட்டி ஈரமாகிவிட்டால் எடைமேடையில் ஏற்றியவுடனே ஈரத்துக்கு என்று கழிவு போடுவார்கள், அந்தக் கழிவைப் பற்றித்தான் பாதிச் சண்டை. பஞ்சாயத்துச் சேகரிப்பு மையங்களுக்கு முதலில் வாங்க வேண்டியது மெஷின் இல்லை, ஒழுகாத கூரை. இதை யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணம் லாரி. பொள்ளாச்சி, ஒட்டன்சத்திரம் காய்கறி, நாமக்கல் முட்டை, கோழி, மாடு, ஜல்லி என்று நம் பக்கத்திலிருந்து நிறைந்து போகும் வண்டி திரும்பி வரும்போது காலி. காலியாக வருவதற்குப் பதில் டீசல் காசு கிடைத்தால் போதும் என்று டிரைவர் சரக்கு ஏற்றுவார். அதனால் திருச்சூரிலிருந்து கோவைக்கு அட்டை பேல் (இறுக்கி அடித்த கட்டு) வரும் வாடகை, அதே தூரம் எதிர்த்திசையில் போகும் வாடகையைவிடக் குறைவு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வாளையார் வரிச் சோதனைச்சாவடி போன பிறகு, மணிக்கணக்கில் நின்ற வரிசையும் போனது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் என்ற இணையச் சீட்டு, அவ்வளவுதான். எல்லை என்பது சரக்குக்கு இப்போது வெறும் பெயர்ப்பலகை.

நடுவில் இருப்பவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'இடைத்தரகன் தின்கிறான்' என்பது எல்லோரும் சொல்லும் வசனம். பொறுக்குபவருக்கும் தெருவில் வாங்குபவருக்கும் அன்றன்று சாயங்காலம் ரொக்கம் வேண்டும். மில் பணம் கொடுக்க முப்பது நாள், நாற்பத்தைந்து நாள் ஆகும். அந்த இடைவெளியைத் தன் காசால் நிரப்புபவன்தான் குடோன்காரன். சின்னக் கடைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவான், அதற்குப் பதில் சரக்கு அவனுக்கே வர வேண்டும், விலை அவன் சொல்வது. இதைக் கமிஷன் என்று சொல்கிறோம், பாதிக்கு மேல் அது வட்டி. வங்கிக்கடன் இந்தத் தொழிலுக்குள் ஒழுங்காக வந்தால் பொறுக்குபவருக்குக் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடுதலாகப் போகும் என்று நான் நம்புகிறேன். ஆனால் குடோன் சரக்கை ஈடாக எடுத்துக்கொள்ள எந்த மேனேஜரும் லேசில் சம்மதிப்பதில்லை, தீப்பிடித்தால் ஒரு மணி நேரத்தில் சாம்பல்.

வரியும் ஒரு முடிச்சு. பிளாஸ்டிக் ஸ்கிராப்புக்கு 5 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி.யை 2021 அக்டோபரில் 18 ஆக்கினார்கள். வீட்டில் வாங்கிய பொருளுக்குப் பில் கிடையாது, அதனால் உள்ளீட்டு வரி என்று எதையும் கழித்துக்கொள்ள முடியாது, விற்கும்போது மட்டும் 18 போட வேண்டும். நேர்மையாகப் பில் போடுபவன் போட்டியில் தோற்கிறான், பில்லை மட்டும் வியாபாரம் செய்பவன் ஜெயிக்கிறான். 2024 மே மாதம் கேரள ஜி.எஸ்.டி. துறை ஆக்ரி வியாபாரிகளிடம் மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் சோதனை போட்டு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் போலி பில் கண்டுபிடித்தது. சரக்கே நகராமல் பேப்பரில் நகர்ந்த வியாபாரம் அது. அதே வருடம் அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாதவரிடம் உலோக ஸ்கிராப் வாங்கினால் வாங்குபவரே வரி கட்ட வேண்டும், பதிவு பெற்றவர்களுக்குள் நடக்கும் வியாபாரத்தில் 2 சதவீதம் பிடித்தம் என்று வந்தது. எங்கள் வேலை கூடியது, ஆனால் இது சரியான திசைதான். அதனால்தான் சொல்கிறேன், 'ஸ்கிராப் துறையின் விற்றுமுதல் இத்தனை கோடி' என்று எங்காவது பார்த்தால் அதில் எத்தனை நிஜ டன் என்று கேளுங்கள்.

இரும்புக்கு வருவோம். கேரளத்தில் மறுசுழற்சி உண்மையாகவே தொழிற்சாலையாக நிற்பது கஞ்சிக்கோட்டில். அங்கே மின் உலைகளில் பழைய இரும்பை உருக்கி இங்காட், பில்லட் என்ற கட்டிகளாக வார்த்து, கம்பியாக உருட்டுகிறார்கள். கம்பிக்குச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது, வளைகுடாப் பணத்தில் கேரளம் வீடு கட்டாத வருடமில்லை. ஆனால் உலை என்பது மின்சாரத்தைத் தின்னும் தொழில். ஒரு டன் உருக்க ஏறத்தாழ 600 யூனிட் வேண்டும். யூனிட்டுக்கு ஐம்பது பைசா வித்தியாசம் என்றால் டன்னுக்கு 300 ரூபாய், நாளுக்கு 100 டன் உருக்குபவனுக்கு தினம் 30,000 ரூபாய். கட்டணம் ஏறும்போதெல்லாம் அங்கே சில உலைகள் அணைந்துபோவதற்கு இதுதான் காரணம். உலை அணைந்தால் அந்த இரும்பு கோவைக்கு வரும், கோவை வார்ப்பாலைகளுக்கு எப்போதும் பசிதான், பம்புசெட்டு உடலுக்கும் கிரைண்டருக்கும் மோட்டாருக்கும் பழைய வார்ப்பிரும்பும் லேத் சீவலும் வேண்டும். நாட்டு அளவில் பார்த்தால் பழைய இரும்பின் லாபம் இன்னும் பெரியது. மத்திய அரசின் 2019 ஸ்கிராப் கொள்கையில் சொன்ன கணக்குப்படி ஒரு டன் ஸ்கிராப் 1.1 டன் இரும்புத்தாதுவையும் 630 கிலோ கோக்கிங் நிலக்கரியையும் மிச்சப்படுத்துகிறது. அந்த நிலக்கரியில் பெரும்பகுதி கப்பலில் வருவது, டாலரில் வாங்குவது.

நம் பக்கத்தில் அந்தச் சரக்கு என்ன ஆகிறது என்றும் பார்த்துவிடலாம். அட்டை உடுமலை, மேட்டுப்பாளையம் பக்கத்துக் கிராஃப்ட் பேப்பர் மில்களுக்குப் போகிறது, திரும்பவும் அட்டைப்பெட்டியாகி அதே கேரளத்துக் கடைக்கு வருகிறது. பாட்டில் செதில் நூலிழையாகிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் போட்டுக்கொண்டு போன நீலக் கோட்டு பாட்டிலிலிருந்து நெய்தது, துணி கொடுத்தது கரூர் நிறுவனம். திருப்பூர்ப் பனியன் கட்டிங் வேஸ்ட் பல்லடம், உடுமலை வட்டாரத்து ஓபன் எண்ட் (கழிவுப் பஞ்சில் நூல் நூற்கும்) மில்களுக்குப் போய்க் கலர் நூலாகிறது, திரும்பச் சாயம் போட வேண்டியதில்லை. சாயக்கழிவு ஓடிய நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அந்த நூலில் லுங்கியும் போர்வையும் தரை துடைக்கும் துணியும் நெய்கிறார்கள், அதற்கும் கேரளம் நல்ல சந்தை.

தென்னைநார்க் கழிவையும் இந்தக் கணக்கில் சேர்ப்பேன். மட்டையில் மூன்றில் ஒரு பங்குதான் நார், மீதி தூள். பொள்ளாச்சிச் சாலையோரத்தில் ஒரு காலத்தில் அது குன்றாகக் கிடந்து புகைந்துகொண்டிருக்கும், யாரும் அள்ளிப்போனால் போதும் என்றிருந்தார்கள். இன்று இந்தியாவின் கயிறு சார்ந்த ஏற்றுமதியில் 'பித்' என்று சொல்லும் அந்தத் தூள்தான் மதிப்பில் முதலிடம். ஆனால் உப்பைக் கழுவி எடுக்க நிறைய நல்ல தண்ணீர் வேண்டும், கழுவிய பழுப்புத் தண்ணீர் பக்கத்துக் கிணற்றில் இறங்குகிறது, அதனால்தான் 2021ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதை மாசு இல்லாத தொழில்களின் வெள்ளைப் பிரிவிலிருந்து மாசு உள்ளவற்றின் ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றியது. தொழில்காரர்கள் கோபப்பட்டார்கள், கிணற்றுக்காரர்கள் கோபப்படவில்லை.

இதுவரை சொன்னது விலை உள்ள சரக்கு. விலை இல்லாத சரக்கும் அதே காலி லாரியில்தான் வருகிறது. ஒழுங்காக நடந்தால் அது தமிழ்நாட்டுச் சிமென்ட் ஆலைகளின் சூளைக்குப் போய் எரிபொருளாகும், அதற்குக் கேரளத்திலிருந்து காசு கட்டி அனுப்புகிறார்கள். காசைப் பையில் போட்டுக்கொண்டு பாதி வழியில் கொட்டிவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள், ஏனென்றால் அகற்றக் கொடுத்த காசில் தூரம் குறைந்தால் அது முழுக்க லாபம். 2024 டிசம்பரில் திருநெல்வேலியில் நடுக்கல்லூர்ப் பக்கம் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்தது, பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்து, கேரள அதிகாரிகளே லாரியோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் 2025ல் தமிழ்நாடு தன் 1982ஆம் வருடத்துக் குண்டர் சட்டத்தையே திருத்தி, மருத்துவக் கழிவு கொட்டுபவர்களைத் தடுப்புக்காவலில் வைக்கலாம் என்று கொண்டுவந்தது. ஒரு மாநிலத்தின் மறுசுழற்சித் தொழிலின் பொருளாதாரத் தாக்கம் என்று எழுதுபவர்கள் இந்த வரியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மீனாட்சிபுரம் ரோட்டோரத்துத் தோப்புக்காரருக்கு அதுதான் அவர் பார்த்த ஒரே தாக்கம். கேரளத்தவர் என்று பொத்தாம்பொதுவாகத் திட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை, கொட்ட இடம் காட்டி நூறு இருநூறு வாங்குபவன் நம் ஊர்க்காரன்தான்.

புதிதாக வந்திருக்கும் காசு ஒன்று உண்டு, உங்கள் யூனிட்டுக்கு அது முக்கியம். 2022 பிப்ரவரியில் வந்த விதிப்படி பிளாஸ்டிக்கில் அடைத்து விற்கும் கம்பெனிகள் அந்த அளவுக்கு மறுசுழற்சி நடந்ததற்குச் சான்று வாங்கிக் காட்ட வேண்டும், 2025-26 முதல் கெட்டியான பேக்கிங்கில் 30 சதவீதம் மறுசுழற்சி பிளாஸ்டிக் சேர்க்க வேண்டும், அது வருடா வருடம் ஏறும். சான்றை உண்டாக்குவது பதிவு பெற்ற மறுசுழற்சியாளர். அதாவது கொழிஞ்சாம்பாறையில் வெயிலில் நடந்து சாக்குத் தூக்கியவருக்கு அந்தச் சான்றின் விலையில் நேரடிப் பங்கு இல்லை, யூனிட் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கே போகிறது. கேரளம் உள்ளூரில் கழுவி அரைக்கும் யூனிட்டுகளை வளர்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. மோசடியும் உடனே வந்துவிட்டது, 2023ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வேறு மாநிலங்களில் 6 லட்சத்துக்கு மேல் போலிச் சான்று பிடித்தது. சான்று விலையை மட்டும் நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

இப்போது உங்கள் யூனிட். தம்பி, கழுவும் லைன் வேண்டாம், குறைந்தபட்சம் இப்போதைக்கு. உங்கள் சித்தூர் வட்டாரம் நிலத்தடி நீருக்குத் தட்டுப்பாடான பகுதி, பிளாச்சிமடை உங்களுக்குப் பக்கத்து ஊர், நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்ற போராட்டத்தால் 2004ல் அங்கே கோக்க கோலா ஆலை நின்றது எல்லோருக்கும் தெரியும். போர் போட்டு பிளாஸ்டிக் கழுவப் போகிறேன் என்றால் பஞ்சாயத்து அனுமதி கிடைப்பதும் கஷ்டம், கிடைத்தாலும் நிலைப்பது கஷ்டம். தண்ணீர் இல்லாத வேலையை எடுங்கள். தரம் பிரிப்பதும் பேல் அடிப்பதும் மட்டும். சுற்றியுள்ள பஞ்சாயத்துகளின் சேனையோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள், பால் கவரைத் தனியாக, கழுவிக் காய்ந்ததாகக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு கூடுதல் என்று சொல்லிவிடுங்கள், வீட்டுப் பெண்கள் செய்வார்கள். கண்ணாடி பாட்டிலை நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் முறை நீலகிரியில் 2022ல் தொடங்கிப் பரவிவிட்டது, கேரளத்திலும் 2025 செப்டம்பரில் மதுக்கடை பிளாஸ்டிக் பாட்டில் உட்பட இருபது ரூபாய் வைத்துச் சோதனை ஆரம்பித்தார்கள், அந்தச் சரக்கு இனி உங்கள் பக்கம் வராது.

முதலீட்டில் மெஷினுக்கு எவ்வளவு வைக்கிறீர்களோ அதே அளவு கைமுதல் தனியாக வையுங்கள். கூரை உயரமாக, தரை சிமென்ட், பேல்களுக்கு நடுவில் ஆள் நடக்க இடம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி வந்த பிறகே முதல் லோடு. முதல் ஆறு மாதம் ஒரே மில்லுக்கு விற்காதீர்கள், பணம் வர நாற்பத்தைந்து நாள் என்று சொல்பவன் அறுபதில் தருவான், அதற்குள் சேனைக்காரிகளுக்குச் சரக்குக் காசும் பிரிக்கும் பெண்களுக்குச் சம்பளமும் நீங்கள் கொடுத்திருக்க வேண்டும். பில் எல்லாம் முதல் நாளிலிருந்தே சுத்தமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சான்று விற்கும் மறுசுழற்சியாளர் உங்கள் சரக்கைத் தொடமாட்டார்.